எலும்புக்கு இரண்டாம் கொதி

அல்போன்ஸ் பால்கனியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஸ்டூலில் ஏறினார். நட்சத்திரம் மேலே தங்கியது. அவர் கீழே வந்தார்.

தாடையில் விரிசல். வலது மணிக்கட்டு முறிவு. மூக்குக்கண்ணாடி தூள். டாக்டர் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டு இறுக்கி வீட்டுக்கு அனுப்பினார். பேசக் கூடாது, மெல்லக் கூடாது. எது உள்ளே போனாலும், கடைவாய்ப் பல் எப்போதோ விழுந்த சந்து வழியாக, ஸ்ட்ரா போட்டுத்தான் போக வேண்டும்.

எதிர் ஃப்ளாட் ஜலஜா தினமும் போய் விசாரித்துவிட்டு வந்தாள். மயிலாப்பூரில் அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் அல்போன்ஸும் அவர் மனைவி ஆலிஸும். மற்றதில் ஜலஜாவும் அவள் கணவர் சங்கரனும். கதவைத் திறந்தால் எதிர்க் கதவுதான் தெரியும். இந்த வீட்டுப் பொங்கல் அந்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டு கேக் இந்த வீட்டுக்கு வரும். முட்டை போடாத கேக். ஆலிஸ் அதை மட்டும் தனித் தட்டில் செய்வாள்.

விஷயம் எலும்பு முறிவு அல்ல, எடை. அல்போன்ஸ் இனிப்பைத் தொடாத மனிதர். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சத்து மாவு, ஹார்லிக்ஸ், வாழைப்பழம் அடித்த பால், எல்லாம் இனிப்பு. இடது கையால் டம்ளரை நகர்த்தி வைத்துவிடுவார். சட்டை காலர் கழுத்திலிருந்து விலகி நின்றது. நாளைக் காலை மறுபடி எடை பார்ப்பார்கள். இன்னும் இறங்கியிருந்தால் மூக்கு வழியாகக் குழாய், ஆஸ்பத்திரியில் படுக்கை. கிறிஸ்துமஸும் அங்கேதான். மாதா கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர் அவர். பாட முடியாவிட்டாலும் பரவாயில்லை, நள்ளிரவுத் திருப்பலியில் கடைசி பெஞ்சிலாவது உட்கார வேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசை என்று ஆலிஸ் சொல்லியிருந்தாள்.

"எலும்பு வேக வெக்கட்டுமா?" என்று அவள் நேற்று கேட்டபோதுதான் அவர் கண் முதல் தடவையாக விரிந்ததாம்.

மதியம் ஆலிஸ் போன் செய்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். அரையாண்டுப் பரீட்சை நேரம்.

"மாமி, ஒரு டீச்சர் வரல. மத்தியானப் பரீட்சைக்கும் என்னையே ஹால்ல போட்டுட்டாங்க. சாப்பாட்டுக்கு வந்துடலாம்னுதான் அடுப்ப சிம்ல வெச்சுட்டு வந்தேன். எலும்பு வெந்துகிட்டு இருக்கு. கொஞ்சம் நிறுத்திடறீங்களா?"

"நிறுத்தறேன். அவருக்கு யார் எடுத்துக் குடுப்பா?"

"நான் வந்து குடுத்துக்கறேன் மாமி."

"சாயங்காலம் வரைக்கும் பட்டினியா போடுவா? ஒத்தைக் கையை வெச்சுண்டு, கண்ணாடியும் இல்லாம அவர் என்ன பண்ணுவார்? நான் குடுக்கறேன்."

"ஐயோ, நீங்க எப்படி மாமி? அது வந்து மட்டன்..."

"ஏன், என் கை தேஞ்சுடுமா? நீ போய் உன் பசங்களைப் பாரு."

பின்னால் மணி அடித்தது. போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி ஆலிஸ் வைத்துவிட்டாள்.

சங்கரன் வேட்டி சட்டையில் தயாராக நின்றார். மார்கழி. சபாவில் இரண்டு மணிக் கச்சேரிக்கு ஒன்றரைக்கே போய்விட வேண்டும் என்பது அவர் கொள்கை. கச்சேரிக்காக அல்ல, கான்டீனுக்காக.

"நீங்க முன்னாடி போங்கோ. அல்போன்ஸ் சாருக்கு எலும்பு குடுத்துட்டு வரேன்."

சங்கரன் செருப்பை மாட்டப் போனவர் நிமிர்ந்தார். "என்ன குடுத்துட்டு?"

"எலும்பு."

"சரி. வரச்சே குளிச்சுட்டு வா."

ஜலஜா எதிர் வீட்டுக்குள் போனாள். அல்போன்ஸ் ஹாலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். வலது கை தூளியில் தொங்கியது. இடது கையில் ஸ்ட்ரா. காலையிலிருந்து வாசனை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"இதோ கொண்டு வரேன் சார்," என்றாள். அவர் வேகமாகத் தலையாட்டினார்.

சமையலறையில் பெரிய பாத்திரம். அடுப்பை அணைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் தூக்கினாள். பழுப்பு நிறத் தண்ணீர். மேலே கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. ஓரமெல்லாம் நுரை. அடியில் பெரிய பெரிய துண்டங்கள்.

ஜலஜா வாழ்க்கையில் வேகவைத்த எலும்பைப் பார்த்ததில்லை. ஆனால் கருணைக்கிழங்கைப் பார்த்திருக்கிறாள். கருணையை வேகவைத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். சாப்பிடுகிற சாமான் கிழங்கு. தண்ணீர் அதன் அழுக்கு. எலும்பும் வெந்தால் கிழங்கு மாதிரிக் குழைந்துவிடும் போலிருக்கிறது, மெல்ல வேண்டாம் என்று நினைத்தாள். இந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் கருணையே தேவலை என்றிருந்தது.

கரித்துணியைப் போட்டு இரண்டு பக்கமும் பிடித்தாள். மூடியை ஒருக்களித்து, சிங்க்கில் சாய்த்தாள். குக்கர் வருவதற்கு முன் சோறு வடித்த கை. ஒரு பருக்கை விழாது. தண்ணீர் முழுவதும் கடைசிச் சொட்டு வரை போயிற்று. ஒரு துண்டு எலும்பு நழுவவில்லை. கைப்பழக்கம் இன்னும் போகவில்லை என்று அவளுக்கு ஒரு சின்னப் பெருமை. பிசுக்கு இருக்கக் கூடாதே என்று குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை அலசியும் விட்டாள்.

ஆலிஸின் அலமாரியில் பூப்போட்ட பீங்கான் கிண்ணம் இருந்தது. விருந்தாளிக்கு எடுப்பது. இடுக்கியால் எலும்புகளை அதில் அடுக்கி, ஒரு ஸ்பூனும் போட்டு, அல்போன்ஸ் முன்னால் ஸ்டூலில் வைத்தாள்.

"சூடா இருக்கு. மெதுவா சாப்பிடுங்கோ."

அல்போன்ஸ் கிண்ணத்தைப் பார்த்தார். ஜலஜாவைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தை. பிறகு விரலால் தன் பல்லில் கட்டியிருந்த கம்பியை மெல்லத் தொட்டுக் காட்டினார்.

"தெரியும் சார். அதான் மெதுவான்னேன்."

அவர் மரியாதை தெரிந்தவர். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை, இப்போது முடியவும் முடியாது. ஸ்ட்ராவைக் கிண்ணத்துக்குள் விட்டார். அது எலும்பில் பட்டு வளைந்தது. அப்படியே வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

ஜலஜா வளைந்த ஸ்ட்ராவைப் பார்த்தாள்.

"குடிக்கறதா?"

தலையாட்டினார்.

"அப்போ... அந்தத் தண்ணி?"

வேகமாகத் தலையாட்டினார்.

"எலும்பை என்ன பண்றது?"

இடது கையை வீசிக் காட்டினார். தூக்கிப் போடுவது.

ஜலஜா நாற்காலி தேடி உட்கார்ந்தாள். "சார், கொட்டிட்டேன். ஒரு சொட்டு வெக்கலை. அலம்பி வேற விட்டுட்டேன்."

அல்போன்ஸ் கண்ணை மூடினார். பிறகு ஒரு விரலை எடுத்து மூக்கின் மேல் வைத்துக்கொண்டார். அவர் குழாயை நினைக்கிறார் என்று ஜலஜாவுக்குப் புரிந்தது.

ஆலிஸுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கறிக்கடைக்கு ஓடலாம் என்றால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தாலும் என்ன கேட்பது? கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பூப்போட்ட கிண்ணத்தில் எலும்புகள் சுத்தமாக இருந்தன.

காபிப் பொடி ஞாபகம் வந்தது. முதல் டிகாக்ஷன் இறங்கிய பிறகும் பொடியில் கொஞ்சம் சாரம் நிற்கும். அவள் வீட்டில் இரண்டாம் டிகாக்ஷனை யாருக்கும் கொடுப்பதில்லை, சங்கரனின் தம்பியைத் தவிர.

"சார், மறுபடி கொதிக்க விட்டா இதுல ஏதாவது இறங்குமா?"

அல்போன்ஸ் கண்ணைத் திறந்தார். யோசித்தார். குனிந்து கிண்ணத்தைத் தடவி, ஒரு நீளமான எலும்பை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஜலஜா பின்னால் போனாள். அவர் எலும்பின் துவாரத்தைக் காட்டினார். உள்ளே வெள்ளையாக, நெய் உறைந்த மாதிரி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. கடைக்காரன் சோம்பேறி. நல்லி எலும்பைச் சரியாக உடைக்காமல் போட்டிருக்கிறான்.

"ஓ. சரக்கு உள்ளேதான் இருக்கா?"

அவர் கையை ஓங்கி இறக்கிக் காட்டினார்.

"உடைக்கணுமா?"

தலையாட்டினார். தானே உடைக்கிறேன் என்று மார்பைத் தொட்டுக்கொண்டார். சமையலறைக்குப் போய், ஆலிஸின் இடிகல் உலக்கையை எடுத்து, இடது கையால் ஒரு போடு போட்டார். அதிர்ச்சி நேரே தாடைக்கு ஏறியது. தாடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தள்ளுங்கோ," என்றாள் ஜலஜா.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். எலும்பின் மேல் ஒரு துணியைப் போட்டாள். பார்க்காமல் இருக்கலாம் என்று. உலக்கையை ஓங்கினாள். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதற்கு எலும்பு வழுக்கிக்கொண்டு கியாஸ் சிலிண்டர் பக்கம் ஓடியது. துணி பிரயோஜனமில்லை. எடுத்து எறிந்தாள். எலும்பைக் கையால் பிடித்து நிறுத்தி ஒரு போடு. அது பிளந்தது.

"வா வழிக்கு," என்றாள்.

மாடிப்படியில் காலடி. மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்த சங்கரன் வாசலில் நின்றார். மனைவி தரையில் உட்கார்ந்து எலும்பை உடைப்பதைப் பார்த்தார்.

"ஜலஜா, என்னடி பண்ணிண்டிருக்கே?"

"பார்த்தா தெரியலையா? ஆத்துக்குப் போய், மிளகு, ஜீரகம், தனியா எல்லாம் வறுத்து வெச்சிருக்கேனே, அந்த டப்பாவை எடுத்துண்டு வாங்கோ."

"அது ரசப்பொடிக்கு வெச்சதுன்னா?"

"ரசம் நாளைக்கு வெச்சுக்கலாம். சார் மூக்குல குழாய் விடப் போறா."

சங்கரன் அல்போன்ஸைப் பார்த்தார். அல்போன்ஸ் தாடையைப் பிடித்தபடி தலையாட்டினார். சங்கரன் டப்பாவைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, "கான்டீன்ல இன்னிக்கு அசோகா அல்வா," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். மூக்குக்கண்ணாடியை மறுபடி மறந்துவிட்டார்.

உடைந்த எலும்பைக் குக்கரில் போட்டாள். சின்ன வெங்காயம், இஞ்சி, தக்காளி. பூண்டு அவள் சமையலில் கிடையாது, அல்போன்ஸ் இரண்டு கை அள்ளிப் போட்டார். அவள் டப்பாவில் இருந்ததைப் பொடித்துத் தூவினாள். தண்ணீரை ஊற்றி மூடினாள். விசில் வர வர, வாசனை மாறிக்கொண்டே வந்தது. முதலில் மூக்கைப் பொத்தினாள். அப்புறம் கையை எடுத்தாள். மிளகு முன்னால் வந்தது, தனியா பின்னால் வந்தது, நடுவில் அவளுக்குப் பெயர் தெரியாத ஒன்று கனமாக நின்றது.

மூடியைத் திறந்தபோது தண்ணீர் தங்க நிறத்தில் இருந்தது. சிங்க்கில் கொட்டியது இந்த நிறத்தில் இல்லை என்று அவளுக்கு லேசாகத் தோன்றியது. 

இனி உப்பு. அங்கேதான் சிக்கல். அவள் ருசி பார்க்க மாட்டாள். பார்ப்பவருக்குச் சொல்ல வாயில்லை.

ருசி பார்க்காமல் சமைப்பது ஜலஜாவுக்குப் புதிதல்ல. மார்கழி முழுவதும் விடியற்காலையில் பொங்கல் செய்கிறாள். பெருமாளுக்குக் காட்டுகிற வரை நாக்கில் வைப்பதில்லை. ஆவியை மோந்தே உப்பு சொல்லிவிடுவாள். ஆனால் அரிசி பருப்பின் ஆவி அவளோடு ஐம்பது வருஷம் பழகியது. இது இன்றைக்குத்தான் அறிமுகம். தவிர, பெருமாள் இதுவரை குறை சொன்னதில்லை.

மெல்லிய துணியில் வடிகட்டினாள். ஸ்ட்ராவில் ஒரு துணுக்கு அடைக்கக் கூடாது. டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, ஆற்றிக் கொடுத்தாள். அல்போன்ஸ் ஸ்ட்ராவைச் சந்தில் செருகி உறிஞ்சினார்.

"எப்படி?"

அவர் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"உப்பா? புளிப்பா? காரமா?"

எல்லாவற்றுக்கும் அதே ஆட்டம். முனகினார். "ம்ம்."

அந்த முனகலில் சுருதி இருந்தது. ஜலஜா முப்பது வருஷம் பாட்டு சொல்லிக் கொடுத்தவள். அவர் கோயிலில் அடிக்குரல். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

"சார், உங்களால ம்ம்னு பாட முடியறதோன்னோ? இதோ பாருங்கோ, இது சட்ஜம்." ஒரு சுரத்தைப் பிடித்துக் காட்டினாள். "சரியா இருந்தா இதுல நில்லுங்கோ. போறலைன்னா கீழே போங்கோ. ஜாஸ்தின்னா மேலே. முதல்ல உப்பு."

அல்போன்ஸ் உறிஞ்சினார். கண்ணை மூடினார். அவர் குரல் தரைக்குக் கீழே போனது.

"இவ்வளவு கம்மியா?" ஒரு ஸ்பூன் போட்டாள்.

மறுபடி உறிஞ்சினார். குரல் ஏறி வந்தது. சட்ஜத்துக்கு ஒரு நூல் கீழே நின்றது.

ஜலஜா காதைச் சாய்த்தாள். "இது உப்பு கம்மியா, இல்லை உங்க சுருதி கம்மியா?"

அவர் முறைத்தார். கோயிலில் நாற்பது வருஷம் பாடியவரிடம் கேட்கிற கேள்வியா என்று அதற்கு அர்த்தம். ஜலஜா ஒரு சிட்டிகை போட்டாள். மறுபடி அதே நூல் கீழே.

"சுருதிதான்," என்றாள். "உப்பு சரியா இருக்கு. நீங்க கொஞ்சம் மேலே வாங்கோ."

அல்போன்ஸின் தோள் குலுங்கியது. கம்பிக்கு இடையில் காற்று புஸ்ஸென்று வந்தது. சிரிக்கக் கூடாது, வலிக்கும். தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜலஜா பதறினாள். "சிரிக்காதீங்கோ, கம்பி விட்டுடும்," என்று சொல்லச் சொல்ல அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

காரத்துக்கு அவர் மேலே போனார். கொஞ்சம் தண்ணீர். புளிப்புக்குக் கீழே வந்தார். அரை மூடி எலுமிச்சை. கடைசியில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, கண்ணைத் திறக்காமல், சட்ஜத்தில் நின்றார். கம்பீரமான சட்ஜம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.  மூச்சு முடிகிற வரை நின்றுவிட்டு, டம்ளரை ஒரே இழுப்பில் காலி செய்து நீட்டினார்.

மறுபடி ஊற்றினாள். மறுபடி நீட்டினார்.

ஆலிஸ் படியேறும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. "மாமி, என்ன இது வாசனை? நான் இப்படி வெக்கலையே."

ஜலஜா ஒளிக்கவில்லை. கருணைக்கிழங்கிலிருந்து ஆரம்பித்தாள். அலசிய இடம் வந்தபோது ஆலிஸ் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பூப்போட்ட கிண்ணத்துலயா குடுத்தீங்க?"

"ஸ்பூனோட."

ஆலிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குக்கரில் அடியில் இருந்ததை ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். சிரிப்பு நின்றது. இன்னொரு கரண்டி எடுத்தாள்.

"இதுல என்ன போட்டீங்க மாமி?"

"எல்லாம் கண் திட்டம்தான். ருசி எப்படின்னு என்னைக் கேட்டா? அவரைக் கேளு."

ஆலிஸ் கணவர் பக்கம் திரும்பினாள். "எப்படிங்க இருந்துச்சு? என்னோடதவிட நல்லா இருந்துச்சா?"

அல்போன்ஸ், பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கையால் ஞாபகப்படுத்தினார்.

"தப்பிச்சுக்கிட்டீங்க," என்றாள் ஆலிஸ்.

ராத்திரிக்கு என்று மீதியை எடுத்து வைத்தார்கள். அதையும் அவர் முடித்தார். வெந்தது, பொடித்தது எல்லாம் சரி. ஒரு நாள் சூப் எடையை நிறுத்துமா என்று ஜலஜாவுக்கு உள்ளூர உதறல். முதல் தண்ணீரையும் கொட்டாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு டம்ளர் போயிருக்கும். குளித்துவிட்டுப் படுத்தாள். தோள்பட்டை வலித்தது.

மறுநாள் காலை அவர்கள் இருவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பையை எடுத்துக்கொண்டு மாட வீதிக்குப் போனாள். வாங்க ஒன்றும் இல்லை. கீரைக்காரர் முன்னால் நின்று ஒவ்வொரு கட்டாக எடுத்து எடுத்து வைத்தாள்.

"இன்னா மாமி, இன்னிக்கு எதுவும் புடிக்கலியா?" என்றார் அவர்.

போன் அடித்தது. ஆலிஸ்.

"சொல்லு."

"மாமி, எடை எறங்கல! கொஞ்சம் ஏறியிருக்கு. டாக்டர் ரெண்டு தடவ பாத்தாரு. குழாய் வேண்டாம், வீட்டுக்குப் போலாம்னுட்டாரு."

ஜலஜா கையிலிருந்த கீரையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அம்மாடி. பெருமாளே."

"ஆனா இத தினமும் குடுக்கணுமாம். இவரு நீங்கதான் வெக்கணும்னு அடம் பிடிக்கறாரு. ஆட்டோக்குள்ள உக்காந்துகிட்டு ம்ம் ம்ம்னு ஒரே ராகம். நான் வெக்கறேன்னா வேண்டாம்னு தலைய ஆட்டறாரு. எனக்கு வர்ற கோபத்துக்கு..."

"அதுக்கென்ன, வெச்சாப் போச்சு," என்றாள் ஜலஜா. அவள் குரல் வீதி முழுவதும் கேட்டது. "வரச்சே எலும்பு வாங்கிண்டு வா. நல்லியா கேளு. கடைக்காரனை நன்னா உடைச்சுத் தரச் சொல்லு. நேத்திக்கு மாதிரி என்னால உடைச்சுண்டிருக்க முடியாது, தோளே போயிடுத்து."

பக்கத்தில் வெற்றிலை பொறுக்கிக்கொண்டிருந்த மடிசார் மாமி ஒருத்தி கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். கீரைக்காரர் அவள் அணைத்திருந்த கீரைக் கட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமி," என்றார் கடைசியில். "கீரைதான வோணும்?"

"கீரை வேண்டாம். கொத்தமல்லி குடு." ஒரு கட்டை எடுத்துப் புரட்டினாள். அடியில் ஒட்ட நறுக்கியிருந்தது. திருப்பி வைத்தாள். "இது இல்லை. வேரோட இருக்கறதா பார்த்து எடு. கொதிக்க வெச்சா அதுலதான் வாசனை இறங்கும்."